ஆளில்லாத கடற்கரைக்கு எப்ப போறது?

வில்லரே பகுதிக்குப் போகும் பேருந்தில் எல்லோருடைய சப்பாத்திலிருந்தும் பனி உருகி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் பக்கத்து நண்பரிடம் சொன்னார்:

"திருகோணமலைக்கு அங்காலை ஆளில்லாத கடற்கரை ஒண்டு இருக்கு. மார்கழியிலை போய்க் குளிக்கப்போறன்."

"விசரே அண்ணை? மார்கழிக் கடல் ஆளை இழுத்துக்கொண்டு போயிடும். ஆடியிலை போங்கோ, குளம் மாதிரிக் கிடக்கும்."

"ஆடியிலை மனுசியின்ரை ஆக்கள் முழுப்பேரும் வான் பிடிச்சு, சோத்துப் பானையோடை வந்திடுவினம். பேந்தென்ன ஆளில்லாத கடற்கரை?"

"அதுக்காகக் கடலிலை சாகப்போறியளே?"

அவர் உண்மையாகவே யோசித்தார்.

"கரையிலை நிண்டு வாளியாலை அள்ளிக் குளிச்சா?"

என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பெண் கண் திறக்காமலே முன்னால் இருந்தவரிடம் சொன்னார்:

"இஞ்சருங்கோ, ஆடிக்கே டிக்கெற்றைப் போடுங்கோ. வானுக்கு அம்மா நேற்றே சொல்லிப்போட்டா."