காடி ஆல்பத்தின் ஏழாம் பாட்டு

‘காடி’ ஆல்பத்தை போன் ஸ்பீக்கரில் கேட்டால் பாதிதான் கேட்கும், சார். நல்ல ஹெட்போன் வேண்டும். எக்காளம் குழுவின் ரசிகன் என்பதால் மட்டும் சொல்லவில்லை. ஏழு பாட்டையும் பதிவு செய்து, வெட்டி ஒட்டியது நான். வில்லியனூர் மாலை வகுப்பில் கற்ற வேலை. செய்ததை அன்றன்றே தேதி போட்டு எழுதச் சொன்னதும் அங்கேதான். அந்த டைரிதான் இப்போது ஸ்டேஷனில், உங்கள் மேசையில் இருக்கிறது.

எக்காளம் இயேசுவைப் பாடும் குழு. காடி என்பது சிலுவையில் அவருக்குக் குடிக்கக் கொடுத்த புளித்த ரசம். ஆனால் கோயில் பாட்டு மாதிரி இருக்காது. ஹார்ட்கோர்; அடித்தொண்டையிலிருந்து உறுமி, அலறிப் பாடுவது. பாடகன் சூசைநாதன் ஒதியம்பட்டுக்காரன், என் நண்பன். சின்ன வயதிலிருந்து அவனுக்கு வலிப்பு உண்டு. காலையும் இரவும் மாத்திரை.

முதல் ஆல்பத்தில் அவன் உறுமல் எனக்குப் போதவில்லை. குறை என் காதில்தானோ என்று சந்தேகப்பட்டு, அளக்க ஆரம்பித்தேன். மாத்திரை போட்ட நாளில் ஒரே மூச்சில் பதினொரு விநாடி. மாத்திரை தீர்ந்து, வாங்க மறந்த இரண்டு நாளில் பத்தொன்பது. அவனிடமே சொன்னேன்.

“போடா லூசு,” என்று சிரித்தான். “மாத்திர இல்லன்னா மைக்க நான் புடிக்க மாட்டேன்டா, மைக்குதான் என்ன புடிச்சி ஆட்டும்.”

அவன் அம்மா காசம்மாளுக்கு அந்தப் பாட்டு பிடிபடவே இல்லை. அவன் பின்னறையில் பயிற்சி செய்யும்போது ஜெபமாலையோடு கதவருகே நிற்பார். தவக்காலம் தொடங்கிய வாரம் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“தம்பி, நீ படிச்ச புள்ள, மறைக்காம சொல்லு. அது எம்புள்ள கொரலாப்பா? வேற இன்னாவோ உள்ள பூந்துகினு கத்துதே.”

அப்படித்தான் பாட வேண்டும் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட.

“நீங்க நெனைக்கிறது சரிதாம்மா,” என்றேன். “மாத்திர போடப்போட அதுக்குக் கோவம்தான் ஏறுது. ஜெபம்தான் வழி.”

அவர் நாற்பது நாளும் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்க நேர்ந்துகொண்டார். அவன் மாத்திரை டப்பாவில், அதே போல வெள்ளையாக இருக்கும் சத்து மாத்திரைகளைப் போட்டு வைத்தார். அவற்றை வாங்கிக் கொடுத்தது நான். அளவு கொஞ்சம் பெரியதோ என்று இரண்டு நாள் கவலையாக இருந்தது. அவன் கவனிக்கவில்லை.

உறுமல் வளர்ந்தது. காசம்மாள் இன்னும் கடுமையாக ஜெபித்தார். நாலாம் பாட்டின் நடுவே ஓர் அமைதி வரும், கேட்டிருப்பீர்கள். அங்கே அவன் விழுந்தான். சின்னதுதான். எழுந்து, “இன்னாடா ஆச்சு?” என்றான். “ஒயரு தடுக்கிச்சி,” என்றேன்.

ஏழாம் பாட்டு சாயங்காலம் நாலரைக்குப் பதிவானது. பின்னறையில் நாங்கள் இருவர்தான். எதிரொலி வராமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, கதவை உள்ளே தாழிட்டிருந்தேன். இரண்டாம் நிமிடத்தில் விழுந்தான். இம்முறை எழவில்லை. தொண்டையிலிருந்து குரல் மட்டும் வந்தது. பதிவை நிறுத்தலாமா என்று யோசித்தேன். இப்படியொரு ஒலி மறுபடி கிடைக்காது என்று பட்டது. மைக்கை அவன் வாயருகே இறக்கி வைத்தேன். ஆறு நிமிடம் இருபது விநாடி. அதன் பிறகு குரல் இல்லை.

அவனுடைய முப்பதாம் நாள் நினைவுப் பூசையன்று ஆல்பத்தை வெளியிட்டோம். உயிரைக் கொடுத்துப் பாடியிருக்கிறார் என்று முகம் தெரியாதவர்கள் எழுதுகிறார்கள். ஏழாம் பாட்டில் டிரம் அபாரம் என்றும் எழுதுகிறார்கள். அந்தப் பாட்டில் டிரம்மே கிடையாது. கதவைத் தட்டியது காசம்மாள். தாழ்ப்பாள் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அந்தச் சத்தத்தை வெட்டிவிடத்தான் முதலில் நினைத்தேன். பாட்டோடு பொருந்தியதால் விட்டுவிட்டேன்.

இசைத்தவர்கள் பட்டியலில் காசம்மாள் பெயரைச் சேர்க்காதது என் தவறு, சார். அதை ஒப்புக்கொள்கிறேன்.