குடுக்கற வள்ளம்

இல்லீங்க, மேல வைக்கறதுக்கில்லீங்க. மடியிலயே இருந்துட்டுப் போகட்டும். உங்க முட்டியில இடிக்குதுங்களா? சித்தெ இப்பிடித் திருப்பிக்கறேன்… இப்ப? செரிங்க. பைக்குள்ள என்னன்னு பாக்கறீங்க. வெறும் இரும்பு வள்ளமுங்க. ராகி அளக்கற வள்ளம். நாலு படி புடிக்கும். இதுக்காகத்தான் நேத்து மதுரைக்குப் போயிட்டு வாரேன். அட, சிரிக்காதீங்க. நான் போறப்ப கொண்டுபோனது வேற வள்ளம், வாரப்ப கொண்டாந்தது இந்த வள்ளம்.

எல்லாம் அந்த மூவாயிரம் ரூவாயால வந்த வினைங்க!

எனக்கு மியூசியத்துல வேலை. பேரு பொங்கியண்ணன். பெரிய மியூசியம்னு நெனச்சுக்காதீங்க, ஒரு டிரஸ்ட்டு நடத்தறது, மாடியில நாலு ரூம்பு. கதவுல ‘காப்பாளர்’னு என் பேரு போட்டிருக்கும். அந்தக் கதவைத் தொடைக்கறதும் நாந்தான். அங்கெ போன மாசம் மெட்ராஸ்ல இருந்து ஊரூராப் போற கண்காட்சி ஒண்ணு வந்துச்சு. பழைய காலத்து அளவைங்க… படி, வள்ளம், தராசு, எடைக்கல்லு, அறுவது சாமான். கண்ணாடிப் பொட்டி, மஞ்ச லைட்டு, ஒவ்வொண்ணுக்கும் அச்சடிச்ச சீட்டு. ஜோராத்தான் இருந்துச்சு. கூடவே ஒரு மானியம். கண்காட்சி வாரப்ப பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு எதாச்சும் நிகழ்ச்சி நடத்தோணும், அதுக்கு மூவாயிரம்.

மூவாயிரத்துக்கு அஞ்சு பக்கம் அப்ளிகேசன் பாரமுங்க! ‘இந்நிகழ்ச்சியால் மாணவர் அடையும் பயன் யாது? நூறு வார்த்தைகளில் விளக்குக.’ ரெண்டு நாளு ரோசனை பண்ணுனேன். எங்கூட்டுக்காரி, “ஒரு நாளைக்குப் பள்ளிக்கூடம் போகாம இருக்கறாங்களே, அதே பயன்தானே, அதை எழுதுங்க”ங்கறா. நான் எழுதுனது, ‘மாணவர்கள் தொட்டும் அளந்தும் அறிவர்.’ நல்லா இருக்குதுல்லீங்க? எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு. பொறவு கடைசிப் பக்கத்தைத் திருப்புனா, நிபந்தனை ஏழு: காட்சிப் பொருள்களை எவரும் தொடக் கூடாது. காப்பாளர் உட்பட!

என்ன பண்றது? புள்ளைங்களை அவங்கவங்க ஊட்டுல இருக்கற படி, வள்ளத்தைக் கொண்டாரச் சொல்லிப்போட்டேன். மானியத்துல ஒரு மூட்டை ராகி வாங்கி வச்சாச்சு. மிச்சத்துக்குப் பஸ்ஸும் தக்காளிச் சாப்பாடும்.

…பஸ்ஸு கணபதி ஸ்டாப்பு தாண்டறதுக்குள்ளயே இத்தன கூட்டமா? சன்னலை இன்னுங்கொஞ்சம் தூக்குங்க. வரலியா? செரி உடுங்க.

அன்னூருப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல இருந்து முப்பது புள்ளைங்க வந்தாங்க. கூட வந்தது பங்காரம்மா டீச்சர். அந்தம்மா ஒரு பார்வை பாத்தா நானே கையைக் கட்டிக்குவேன். முப்பதுல ஒண்ணு துளசிமணி. ஆறாவது படிக்குது. இத்தினியூண்டு இருக்கும், மடியில இந்த வள்ளத்தை வச்சுட்டு உக்காந்திருந்துச்சு. நான் நல்லா நீட்டி முழக்கிப் பேசிட்டிருக்கறேன், “கண்ணுகளா, இந்தப் பொட்டிக்குள்ள இருக்கறது நூத்தம்பது வருசத்து வள்ளம், நாலு படி கொண்டது”ன்னு. துளசிமணி எந்திரிச்சு, “சார், அளந்து பாத்தீங்களா?”ங்குது.

நான் எங்க அளந்தேன்! சீட்டுல போட்டிருக்குது, படிச்சேன். “மெட்ராஸ்ல பெரிய பெரிய ஆபீசருங்க அளந்துதான் எழுதியிருப்பாங்க அம்மணி”ன்னேன். அது என்னையே பாத்துட்டு நிக்குது. மத்த புள்ளைங்க குசுகுசுங்கறாங்க. எனக்கு ரோசம் வந்துருச்சு. சாவி என் இடுப்புலதானே இருக்குது? தொறந்துபோட்டேன்.

ஆமாங்க, தொறந்துட்டேன்! நிபந்தனை ஏழு!

துளசிமணிதான் அளந்துச்சு. ஒண்ணு… ரெண்டு… மூணு… நாலாவது படியில பாதி போட்டதும் வள்ளம் ரொம்பி வழியுது. மூணரைதானுங்க! வெளிய பாத்தா அதும் துளசிமணி கொண்டாந்த வள்ளமும் ஒரே ஒசரம், ஒரே அகலம். துளசிமணி ராகியைக் கொட்டிப்போட்டு உள்ள கையை உட்டுத் தடவிப் பாத்துச்சு. அடித்தகட்டை ஒரு விரக்கடை மேல ஏத்திப் பத்த வச்சிருக்காங்க. வெளிய பாக்கறவனுக்குத் தெரியாது. “சார், இது வாங்கற வள்ளமில்லீங்க, குடுக்கற வள்ளம்”னுச்சு.

எனக்குப் புரியலை. “தானியமா வாங்கறப்ப பெரிய வள்ளத்துல அளந்து வாங்குவாங்களாம் சார். கூலி குடுக்கறப்ப இதுல அளப்பாங்களாம். எங்கம்மா சொல்லும்”னுச்சு. அவிங்கம்மா பழனாத்தாள் ரெண்டேக்கரா மானாவாரியை வச்சுக்கிட்டு, மத்த நாளெல்லாம் அடுத்தவங்க காட்டுக்குக் கூலிக்குப் போகுதுங்க. பதினெட்டு வருசமா அங்கெ வேலை பாக்கறேன், அன்னைக்கு மாதிரி ஒரு நாளு எனக்கு இருந்ததில்லீங்க. மெய்யாலுமே.

அத்தோட முடிஞ்சிருந்தா எவ்வளவு நல்லாருக்கும்!

மேசை பூராவும் புள்ளைங்க கொண்டாந்த வள்ளம். கீழ பஸ்ஸுக்காரன் ஆரன் அடிக்கறான். அவசரத்துல துளசிமணி ஊட்டு வள்ளம் பொட்டிக்குள்ள போயிருச்சு. பொட்டியில இருந்தது அன்னூருக்குப் போயிருச்சு. மறாநாளே லாரி வந்து அறுவது சாமானையும் மதுரைக்கு ஏத்திட்டுப் போயிட்டாங்க. நாலாம் நாளு பழனாத்தாள் மொதப் பஸ்ஸுல வந்து நிக்குது, கையில வள்ளத்தோட. “ஏனுங்க சாமி, எம்புள்ள நாலு படி வள்ளம் கொண்டுபோனா, மூணரைப் படி வள்ளத்தைக் குடுத்து அனுப்பியிருக்கறீங்க. காலம் பூரா இதுல வாங்கித்தான் நாங்க இளைச்சோம். இது எங்கூட்டுல இருக்கக் கூடாதுங்க”னுச்சு. சத்தம்போட்டிருந்தாக் கூடப் பரவால்லீங்க. பொறுமையாச் சொல்லுச்சு.

மெட்ராஸுக்கு எழுதுனேன். எழுதித்தானே ஆகோணும்? எப்பிடி மாறுச்சுன்னு கேப்பாங்களே… ‘மாணவியின் கவனக்குறைவால்’னு ஒரு வரி போட்டேன். ஒரே வரிதானுங்க! அதை ஆபீஸ்காரங்க காப்பி எடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாங்கன்னு நான் கண்டனா? பங்காரம்மா டீச்சர் அந்தப் புள்ளையைக் கிளாஸ்ல எல்லார்த்துக்கும் முன்னால நிக்க வச்சு, இனிமே எங்கியும் கூட்டிட்டுப் போறதில்லைன்னுட்டாங்களாம்.

ஏனுங்க, கைக்கடிகாரத்தைப் பாக்கறீங்க? கோயில்பாளையம் இப்பத்தானுங்க தாண்டுது.

நேத்து மதுரையில கண்காட்சி ஆபீசர் சுந்தரராஜுலு முன்னாடி வள்ளத்தை வச்சேன். உண்டான வசவெல்லாம் வாங்கிக்கிட்டேன். இனி எங்க மியூசியத்துக்கு மானியங்கற பேச்சே கெடையாதாம், பேரையே அடிச்சுட்டாராம். செரிங்கன்னேன். பொறவு வாட்ச்மேனை அனுப்பி அரிசி வாங்கியாரச் சொல்லி, அவரே உக்காந்து அளந்தாரு. மூணரை. உள்ள கையை உட்டுப் பாத்தாரு. அப்பவே பழைய சீட்டைக் கிழிச்சுப்போட்டு, ‘கூலி அளந்தது, அடித்தகடு ஏற்றியது’ன்னு கையாலயே எழுதி வச்சாரு. எழுதிட்டு எங்கிட்டக் கேட்டாரு பாருங்க, “அரைப் படி கொறையறதைக் கண்டுபுடிச்ச புள்ளையா கவனக்குறைவு?”ன்னு.

இந்த வள்ளத்தை வாங்கிப் பையில போட்டுட்டு பஸ்ஸு ஏறிட்டேன்.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்னங்க. அவசரத்துல தானா மாறிப்போச்சுன்னனே, அது பொய்யிங்க. நாந்தான் என் கையால எடுத்துக் குடுத்தேன். துளசிமணி வாங்கி உள்ள தொட்டுப் பாத்துட்டு, “சார், இது எங்குளுது இல்லீங்க”னு சொல்லுச்சு. ரெண்டு தரம் சொல்லுச்சுங்க. “பேசாம எடுத்துட்டுப் போ கண்ணு, பஸ்ஸுக்கு நேரமாச்சு”ன்னு அதட்டி அனுப்புனவன் நாந்தான்.

ஆங்… அன்னூருங்களா? இந்தா, எறங்கறேன் கண்டக்டர்! பள்ளிக்கூடம் உடறதுக்கு இன்னும் முக்கா மணி நேரம் இருக்குது. அதே கிளாஸ்ல, பங்காரம்மா டீச்சர் முன்னால, அந்தப் புள்ளை கையில இதைக் குடுத்துச் சொல்லோணும், “தப்பு உம்மேல இல்லை அம்மணி, எம்மேலதான்”னு. வாயில வருமோ வராதோன்னு மதுரையில இருந்து ஒரே பயமுங்க. இப்ப உங்ககிட்ட வந்திருச்சுல்லீங்க?

காலைச் சித்தெ மடக்குங்க. வாரேனுங்க.