பானெட்டின் உள்பக்கம் வெட்டிய பெயர்

பெயர்: ராஜரத்தினம், பர்மியப் பெயர் ஊ தான் மவுங். தகப்பனார் பெயர்: சுப்பு. வயது: 54. தொழில்: பிரியாணி தேக்சா, அண்டா முதலியவை அடிப்பது. இருப்பிடம்: தாகேதா, யாங்கோன். நாள்: 14 நவம்பர் 2009.

அதிகாரி ஊ சோ லின் கேட்டவற்றுக்கு நான் பாதி தமிழிலும் பாதி பர்மியத்திலும் பதில் சொன்னதால், ஏதாவது ஒரு மொழியில் ஒழுங்காகச் சொல்லும்படி உத்தரவானது. நான் தமிழ் என்றேன். எனக்குப் பாத்திரத்தில் பெயர் வெட்டும் அளவுக்குத்தான் எழுத்து வரும். இந்தப் போலீஸ் நிலையத்தில் தமிழ் எழுதத் தெரிந்தவர் புகார் கொடுத்த கயிற்றுக்கடை அப்துல் பாரி ஒருவரே. ஆகவே நான் சொல்லச் சொல்ல அவரே இதை எழுதுகிறார். சம்மதமா என்று அவரிடம் கேட்கப்பட்டது. வேறு வழியில்லை என்றார்.

பேட்டரிக் கடை வைத்திருக்கும் மாஹிர் என்பவர், பழைய ஜீப்பின் சட்டத்தில் ஜப்பான் எஞ்சினை ஏற்றி, பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்து, இரண்டு பேர் உட்காரும் வண்டி ஒன்றைக் கட்டி வந்தார். அது வெள்ளைக்காரன் காலத்து வண்டிபோல் தெரிய வேண்டும் என்பது அவர் ஆசை. கடந்த ஜூலையில் என் பட்டறைக்கு வந்து, எஞ்சினை மூட அந்தக் காலத்து நீள பானெட் அடித்துத் தர முடியுமா என்று கேட்டார். நான் தேக்சா அடிக்கிறவன், வண்டி வேலை அறியேன் என்றேன். வண்டி வேலை அறிந்தவர்கள் எல்லாரும் பிளாஸ்டிக்கில் செய்துகொள்ளச் சொல்கிறார்கள் என்றார். அது எனக்குப் பொறுக்கவில்லை, ஒப்புக்கொண்டேன்.

அதன் பிறகு மாதிரிக்காக ஒரு புகைப்படம் கொடுத்தார். அதில் ஒரு பழைய காரின் பானெட்மேல் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. காரின் அளவு தெரியாததால், பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கவிழ்த்த அண்டாமேல் அதேபோல் உட்காரவைத்து அளவெடுத்தேன். படத்தில் இருப்பது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

அதன் பிறகு அலுமினியத் தகட்டில் துணிச் சவுக்காரம் தடவி, அது கறுக்கும் வரை நெருப்புக் காட்டி இளக்கி, இருநூறு பேருக்குச் சோறாக்கும் தேக்சாவைக் கவிழ்த்து, அதன்மேல் தகட்டைப் போட்டு மரக் கொட்டாப்புளியால் அடித்து வளைவு எடுத்தேன். நடுவில் நீளக் கீல் வைத்து, இரண்டு பக்கமும் சிறகுபோலத் தூக்கும்படி செய்தேன். சூடு போக, பக்கத்துக்குப் பதினெட்டுக் கீற்று வெட்டினேன். முதல் தடவை மாட்டியபோது ரேடியேட்டர் மூடியில் இடித்தது. வளைவை உயர்த்தி மறுபடி மாட்டியபோது இடிக்கவில்லை. மாஹிர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்கும் பெருமையாக இருந்தது. அதைச் சொல்வதில் குற்றமில்லை என்று நினைக்கிறேன்.

கல்யாண வீட்டிலும் கந்தூரி விருந்திலும் பாத்திரங்கள் மாறிப்போகும் என்பதால், எங்கள் பட்டறையில் பெயர் வெட்டாமல் ஒரு சாமானும் வெளியே போகாது. அந்தப் பழக்கத்தில் உளியை எடுத்துக்கொண்டு கேட்டேன்.

“யாரு பேரு தம்பி வெட்டணும்?”

“ஷப்னம்னு வெட்டுங்கண்ணே. உள்பக்கமா வெட்டுங்க.”

“வீட்டுக்காரியா?”

“இன்னும் இல்ல.”

புள்ளி புள்ளியாகத் தமிழில் வெட்டிக் கொடுத்தேன்.

இன்று காலை மாஹிர் வண்டியோடு பிடிபட்டதாகத் தகவல் வந்தது. போன வருஷ நர்கிஸ் புயலில் கொட்டகையோடு பறந்துபோன தம்முடைய காரின் பானெட்தான் அது என்று அப்துல் பாரி புகார் கொடுத்திருந்தார். திருட்டு என்று முடிவானால் வண்டி பறிமுதல், பையனுக்குச் சிறை என்றார்கள். நான் ஓடிவந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாஹிர் என் லுங்கியைப் பிடித்து இழுத்து, “அண்ணே, பேரு வெட்டுனத மட்டும் சொல்லிப்புடாதீங்க. வண்டி போனாப் போவட்டும்” என்றார். வெட்கத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். என் கைவேலையைத் திருட்டுச் சாமான் என்கிறார்களே என்ற கோபம் வேறு. நேரே அதிகாரியிடம் போய், அது நான் அடித்தது, உள்ளே உரியவர் பெயர் இருக்கிறது, தூக்கிப் பாருங்கள் என்றேன்.

அதன் பிறகு எல்லாரும் முற்றத்துக்குப் போனோம். பானெட்டைத் தூக்கினார்கள். அதிகாரிக்குத் தமிழ் வாசிக்க வராது, எனவே புகார்தாரரையே வாசிக்கச் சொன்னார். அப்துல் பாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று அதிகாரி இரண்டு தடவை கேட்டார். “எம் மவ பேரு” என்றார்.

அதிகாரி மிகவும் சந்தோஷப்பட்டார். மகளின் பெயர் இருப்பதால் பொருள் புகார்தாரருடையதே, வழக்கு முடிந்தது என்று சொல்லித் தேநீர் வாங்கிவர ஆள் அனுப்பினார். பையனைக் காப்பாற்ற வந்த நானே அவரைக் கொண்டுபோய்ச் சிறையில் தள்ளிவிட்டேன் என்று தெரிந்தது. அப்துல் பாரி ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பானெட்டும் அவருக்கு, மகள் பெயரும் ஊர் வாயில் விழாது. அவர் சொல்லவில்லை. பிடிவாதக்காரர், ஆனால் பொய் சொல்லமாட்டார். எழுதுகிறவர் இந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டார் என்பதையும் எழுதச் சொல்கிறேன்.

அவர் மாஹிரைப் பார்த்து, “யாரைக் கேட்டு எம் மவ பேர வெட்டுன?” என்றார்.

மாஹிர் எழுந்து நின்றார். “உங்களக் கேக்கத்தான் மாமா வண்டியே கட்டுனேன். வாயால கேக்கப் பயமா இருந்துச்சு” என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து அந்தப் புகைப்படத்தை எடுத்து நீட்டினார். அப்துல் பாரி வாங்கிப் பார்த்தார். படத்தில் இருந்தது அவர் கார், அவர் குழந்தை. அவர் வீட்டு அலமாரியிலிருந்து அதை எடுத்துக் கொடுக்கக்கூடியவர் ஒருவர்தான் என்பது எனக்கே விளங்கியபோது அவருக்கு விளங்காமல் இருக்காது. படத்தை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. அதிகாரியிடம், “இது என் பானெட் இல்ல சயா” என்று மட்டும் சொன்னார்.

அப்படியானால் புகார் என்ன ஆவது என்று அதிகாரி கேட்டார். முதலில் ராஜரத்தினத்தின் வாக்குமூலத்தை எழுதுவோம், முடிவைக் கடைசியில் சொல்கிறேன் என்று அப்துல் பாரி சொன்னார். மாஹிர் இன்னும் பெஞ்சில்தான் இருக்கிறார். வாங்கிவந்த தேநீரை ஒருவரும் குடிக்கவில்லை, அதிகாரியைத் தவிர.

நான் செய்ததையும் கண்டதையும் கேட்டதையும் தவிர இதில் வேறொன்றும் இல்லை. எழுதியதை வாசிக்கக் கேட்டேன். பிடிவாதக்காரர் என்ற சொல்லை எழுதமாட்டார் என்று நினைத்தேன், எழுதியிருக்கிறார். எல்லாம் சரி என்று கையெழுத்திடுகிறேன்.

ராஜரத்தினம்

எழுதியவர் குறிப்பு: ராஜரத்தினம் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன். இனி வருவது என் வார்த்தை. புகாரை வாபஸ் வாங்குகிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மாஹிர் வீட்டுப் பெரியவர்கள் பெண் கேட்டு வரலாம்.

அப்துல் பாரி,
ஷப்னத்தின் வாப்பா