நாற்பத்தொன்றாம் லாட்டின் பெயர்

எனக்கு இடுப்புவலி உண்டு சார். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்; மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் ஆள். பத்து வருஷம் பஞ்சுப் பொதி தூக்கிவிட்டு அந்த நாற்காலிக்கு வந்தவன். தெருவில் என்னை இன்ஜினியர் என்பார்கள். நான் மறுத்ததில்லை.

தொண்ணூற்றொன்பதில் கம்பெனிக்கு வெப்சைட் போட்டேன். ஒரு தடவையில் செய்யும் துணி ஒரு லாட்; ஒவ்வொரு லாட்டையும் நீராவியில் வேகவைத்து, கிருமி இல்லை என்று லேபிலிருந்து ரிப்போர்ட் வந்ததும் ஆஸ்பத்திரிக்காரர்கள் அதை டவுன்லோட் செய்துகொள்ளலாம். ஒரே கோளாறு, எந்த ரிப்போர்ட்டை இறக்கினாலும் ‘அனுப்பு’ என்ற பெயரிலேயே போய் விழுந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி ஸ்டோர்கீப்பர் ரத்தினம் போனில் கேட்டார்: “என்னய்யா, பெத்த பிள்ளைக்கெல்லாம் ஒரே பேரா வச்சிருக்கீரு?”

மூன்று நாள் மண்டையை உடைத்து ஒரு வரி கண்டுபிடித்தேன். கோப்புக்கு முன்னால் அந்த வரியை அனுப்பினால், நாம் சொல்லும் பெயரில்தான் அது அங்கே போய் உட்காரும். லாட் 39, லாட் 40. ரத்தினம் பெயரைப் பார்த்து டிக் போடுவார். கோப்பைத் திறக்க மாட்டார். திறந்தால் அவர் கம்ப்யூட்டர் கால்மணி நேரம் தூங்கிவிடும்.

ஆடிப்பூரத்தன்று லோடுமேன்கள் அத்தனை பேரும் தேர் இழுக்கப் போய்விட்டார்கள். லாட் 41, அறுபது பெட்டி, நானே வண்டியில் ஏற்றினேன். ஏற்றி முடித்த பிறகு ரிப்போர்ட் வந்தது: கிருமி இருக்கிறது.

நீராவி மிஷின் பார்க்கும் வேலுத்தாய் சொன்னார்: “மிஷின்ல சூடு காட்டுற முள்ளு ஏறலன்னு அன்னைக்கே சொன்னேம்லா. இறக்குங்க தம்பி, திரும்ப வேகவைப்போம்.”

“இறக்க ஆளு யாரு அக்கா இருக்கா?”

“ஏன், இன்ஜினியரு இடுப்பு என்ன கண்ணாடியா?”

லாட் 40-இன் நல்ல ரிப்போர்ட்டை எடுத்தேன். அந்த வரியில் ‘லாட் 41’ என்று போட்டேன். முதலாளிக்கு ஒன்றும் தெரியாது. லேபில் ரிப்போர்ட்டை மாற்றி அனுப்பிவிட்டார்களாம் என்றேன், வேலுத்தாய் நம்பினார். ரத்தினம் டிக் போட்டார். வண்டி போனது.

கோப்புக்குள்ளே நான் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் அந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷனில் பிள்ளை பெற்ற மூன்று பெண்களுக்குப் புண் சீழ் பிடித்தது. இரண்டு பேர் பிழைத்தார்கள். மூன்றாவது முத்துப்பேச்சி, வேலுத்தாயின் ஒரே மகள்.

பாடை தூக்க ஓர் ஆள் குறைந்தது. நான் தோள் கொடுத்தேன். வேலுத்தாய் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அன்றைக்கு இடுப்பு வலிக்கவே இல்லை சார்.

அவருக்கு நான் கொடுக்க வேண்டிய பாக்கி, ஒரு மகள்.