கரண்ட் போன நேரத்துல கேட்ட கேள்வி

ஹலோ... ஹலோ, நூரிஸ்? நான்தான், யுதெல்கா. மார்லி அங்க வந்துட்டாளா?

……

வந்துட்டாளா! அப்பாடா... மாதாவே. ஆமா... ஆமா ஆமா, பாதித் தலையில ரோலர், பாதித் தலை ஈரம், அப்படியேதான் ஓடினா. கூப்பிடக் கூப்பிடத் திரும்பியே பாக்கல.

……

அழறாளா?

……

அழலையா. உன்கிட்ட வந்தப்புறம் ஏன் அழப்போறா? அங்கதானே அவளுக்கு சொர்க்கம்! பெத்தவகிட்டதான் நரகம்.

……

கத்தல. நான் எங்க கத்தறேன்? ட்ரையர் சத்தத்துக்கு மேல பேசிப் பேசி என் தொண்டையே இப்படி ஆயிடுச்சு. என்ன சொன்னா உன்கிட்ட?

……

ஒண்ணுமே சொல்லலையா? பொய் சொல்லாதடி, சும்மாவா உன்ன கொமாத்ரேன்னு கூப்பிடறேன்? நீ அவளோட ஞானத்தாய், கோயில்ல புள்ளயக் கையில வாங்கினவ. மாதா பேர்ல சத்தியம் பண்ணு.

……

சரி. சரி, நம்பறேன். என் பக்கத்தையும் கொஞ்சம் கேளு. இன்னிக்கு சனிக்கிழமை, என் பார்லர்ல நிக்க எடமில்ல. அவளா வந்து நாற்காலியில உக்காந்தா. "மம்மி, தலைய செட் பண்ணி விடு"ன்னா. எத்தன மாசமாச்சு தெரியுமா என்கிட்ட தலையக் குடுத்து! இதான்டி நேரம்னு நெனச்சேன். ஸ்கூல்ல பெத்தவங்களுக்கு நடத்தற வகுப்புல ரொசீயோ டீச்சர் சொன்னாங்கல்ல, சுத்தி வளைக்காதீங்க, நேரா கேளுங்க, கேட்டாத்தான் புள்ளைங்களுக்குப் பாரம் எறங்கும்னு...

……

ஆமா. தனியா வச்சுக் கேக்கணும்னும் சொன்னாங்க. தெரியும்! நீ மட்டும்தான் வகுப்புல காதத் தொறந்து வச்சிருந்தியா? ட்ரையர் அத்தனையும் ஓடுதே, யாருக்குக் கேக்கப்போகுதுன்னு நெனச்சேன். குனிஞ்சு, அவ காதுல விழணுமேன்னு சத்தமா, "உனக்கு செத்துப் போகணும்னு தோணுதாடி?"ன்னு கேட்டேன். கேட்டு வாய மூடல...

……

ஆமாடி. கரண்ட் போயிடுச்சு.

……

சிரிக்காத.

……

அழறியா? நீ ஏன் அழற?

……

கப்புன்னு எல்லாம் நின்னுடுச்சு நூரிஸ். பார்லர் முழுக்க என் குரல் மட்டும். அத்தன தலையும் ரோலரோட இவ பக்கம் திரும்புது. நம்ம பெரியம்மா டோன்யா ஃபேஃபா ஜெபமாலைய எடுத்துட்டாங்க. ஒருத்தி ஆரஞ்சு இலைக் கஷாயம் குடுங்கறா. இன்னொருத்தி, எந்தப் பையன்டி ஏமாத்தினான்னு கேக்கறா. ஆளுக்கொரு வைத்தியம். புள்ள எந்திரிச்சுப் போயிட்டா.

……

இல்ல, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. பக்கத்துத் தெருவுல எங்கம்மா வீடு இருக்கு, அங்க போகல. அவ அப்பனுக்கு ஒரு போன் பண்ணல. ஏன் உன்கிட்ட வரா?

……

ஆமா, பொறாமைதான். வயிறு எரியுதுடி, சொல்லிட்டேன் போ. காலைல எந்திரிக்கவே புடிக்கலன்னு ஸ்கூல்ல சொல்லியிருக்கா, அதையே எனக்கு ஸ்கூல்காரங்க சொல்லித்தான் தெரியும். சரின்னு வகுப்புக்கு வந்தா, பெத்தவங்களும் வரலாம், பாத்துக்கறவங்களும் வரலாம்னு, அங்கயும் நீ! அம்மாவா நடிங்கன்னதும் நீ அம்மாவா நடிச்சே, எதிர்ல மகளா நடிச்சவ நெஜமாவே அழுதுட்டா. எல்லாரையும் கை தட்டச் சொன்னாங்க டீச்சர். நடிக்கறதுக்கு என்னடி, உனக்கு ஒண்ணாவது பொறந்திருந்தா தெரிஞ்சிருக்கும்!

……

நூரிஸ்?

……

நூரிஸ், லைன்ல இருக்கியா?

……

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இந்த வாய்... இந்த வாய்க்குச் சூடு போடணும். மன்னிச்சுக்கோடி.

……

ஊர்ல இருக்கறவ எல்லாம் என் கையில தலையக் குடுத்துட்டு, புருஷனுக்குக்கூடத் தெரியாத கதையக் கொட்டறா. என் வயித்துல பொறந்தது மட்டும் என்கிட்ட வாயத் தொறக்க மாட்டேங்குது. நீ என்னதான் பண்ற? அவள என்ன கேப்ப?

……

ஒண்ணுமே கேக்க மாட்டியா?

……

பச்சைத் துவரை உரிப்பீங்களா? ரெண்டு பேரும் உக்காந்து? என் வீட்ல ஒரு தட்டக் கழுவ மாட்டா, உன் வீட்ல துவரை உரிக்கறாளா!

……

ஆங்? இரு, கரண்ட் வந்துடுச்சு, ஒண்ணும் கேக்கல. டோன்யா ஃபேஃபா, தலைய ஆட்டாதீங்க! என்னடி சொன்ன?

……

யார்கிட்ட பேசணுங்கறா? என்கிட்டயா?

……

இரு இரு, உடனே குடுத்துடாத. ஏய், எல்லாத்தையும் அணைங்க! ட்ரையர், ஃபேன், ரேடியோ, எல்லாம்! ஈரத் தலையோட இருந்தா கரைஞ்சா போயிடுவீங்க? வெளிய போங்க எல்லாரும். ஆமா, தெருவுல நில்லுங்க, ரோலரோட தெருவுல நின்னதே இல்லையா நீங்க? ஃபேஃபாம்மா, நீங்களும்தான். ஜெபத்த அங்க நின்னு சொல்லுங்க.

குடு அவகிட்ட.

மார்லி? கண்ணு, அம்மா வேணும்னு கேக்கலடா, அந்தப் பாழாப்போன கரண்ட்...

……

சரி. பேசல.

……

ம்.

……

ம்.

……

எப்பலேர்ந்து... இல்ல. கேக்கல. நீ சொல்லு.

……

……

இருக்கேன்டா. வைக்கல.

……

ம்... தோணுதா.

……

இல்ல, கோவம் இல்ல. அழுகைதான் வருது. அழுதுட்டே கேக்கறேன், நீ சொல்லு.

……

ம்.

……

ம்.

……

என்கிட்ட சொன்னியே, அது போதும். ரொசீயோ டீச்சர்கிட்ட இதச் சொல்லலாமா? இப்பவே?

……

நூரிஸும் கூட வரணுமா?

……

சரி. மூணு பேருமா போலாம்.

……

இன்னிக்கு ராத்திரியும் அங்கயேவா... நான் வரட்டுமா? வாயே தொறக்க மாட்டேன், சும்மா ஓரமா...

……

வேணாமா.

……

……

சரிடா. அங்கயே இரு. காலைல வரேன். போன அவகிட்ட குடு.

நூரிஸ்... கேட்டுட்டுதானே இருந்த?

……

ஆமா. டீச்சருக்கு இப்பவே போன் பண்றேன். நீ அவளத் தனியா விடாத. கதவத் தாழ் போட விடாத. மாத்திரை, கத்தி எல்லாம்...

……

எடுத்து வச்சுட்டியா. அதானே, உனக்குத் தெரியாததா.

……

ராத்திரி அவ பக்கத்துலயே படுத்துக்கோ.

……

நான் படுக்க வேண்டிய எடம்தான்டி. நீ படுத்துக்கோ. நல்லா கட்டிப் புடிச்சுக்கோ. வைக்கறேன்.