புரட்டாசி ஈரல்

ஈரல் வறுக்கும்போது உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும், மேடம். முதலிலேயே போட்டால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். நாலு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன்.

நான் பூமாலை. பெரம்பலூர் காலேஜில் மரபியல் புரொபசர் இளையபெருமாள் சாரிடம் லேப் அட்டெண்டர். பொய்யாக ரிசல்ட் எழுதினார் என்று சாரை நீங்கள் வேலையை விட்டு அனுப்பப் போவதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் விசாரணைக்கு நானாகவே வந்தேன்.

சாரின் ஆராய்ச்சியை அவரே எனக்கு விளக்கியிருக்கிறார்.

"பூமாலை, ஒடம்பு முழுக்க ஒரே நூல்தான். தோல் செல்லுலயும் அதான், ஈரல் செல்லுலயும் அதான். அதை மடிச்சு வச்சிருக்கிற விதத்துலதான் செல்லு தான் யாருன்னு தெரிஞ்சுக்குது."

"துண்டு மாதிரிங்களா சார்? தலையில கட்டுனா தலப்பா, தோள்ல போட்டா மிடுக்கு, இடுப்புல கட்டுனா பணிவு."

சார் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

புதன்கிழமைதோறும் நல்லுசாமி கறிக்கடையில் ஆட்டீரல் வாங்கி, ஐஸில் வைத்துக் கொண்டுவருவது என் வேலை. சாருக்கு வேண்டியது சுண்டைக்காய் அளவுதான். மிச்சத்தை வீணாக்க எனக்கு மனசு வராது, வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஆனால் சுண்டைக்காய் அளவு குறைந்தாலும் வறுவலில் அது தெரிகிறது, மேடம். அதனால் சாருக்குச் சுவரொட்டியை வைத்தேன். அதுவும் ஆட்டின் வயிற்றில் இருப்பதுதான், மண்ணீரல். நிறமும் ஏறக்குறைய அதே. சார் பிறவிச் சைவம். நறுக்கிக் கொடுத்தால் எது எதுவென்று தெரியாது.

ஒரு மாதம் கழித்து மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"பூமாலை, இந்த ஈரலுக்குத் தான் ஈரல்ங்கிறதே மறந்துபோச்சுய்யா."

அவ்வளவு சந்தோஷமாக இருக்கிற மனுஷனிடம் என்னத்தைச் சொல்வது?

புரட்டாசியில் நான் கவிச்சி தொடுவதில்லை. அந்த மாதம் மட்டும் நிஜ ஈரலையே முழுசாகக் கொடுத்தேன். ஈரலுக்கு ஞாபகம் திரும்பியது. நாலு வருஷமும் அப்படியே நடந்தது. சார் ராப்பகலாக யோசித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார்: அரியலூர் சுண்ணாம்புக்கல் லாரிகளின் தூசி ஆடு தின்கிற தழையில் படிகிறது; புரட்டாசி மழை அதைக் கழுவிவிடுகிறது. கட்டுரை வெளியானது. அதற்குப் பிறகு அரியலூர் பஸ் ஏறினால் சார் மூக்கில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொள்வார். தன் ஈரலும் மறந்துவிடுமோ என்ற பயம். நானும் ஒன்று கட்டிக்கொண்டேன், மரியாதைக்கு.

போன ஐப்பசியில் சாரின் ரிசல்ட்டைச் சரிபார்க்க ஹைதராபாத்திலிருந்து வந்த விஞ்ஞானிகள் கறிக்கடைக்கு அவர்களே போய் வாங்கிவிட்டார்கள். அந்த ஈரல் ஈரலாகவே இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே போய் வாங்கி வந்திருப்பேன்.

ஆக, நாலு வருஷ ஈரலையும் தின்றது நான்தான். சார் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார். அவரை விட்டுவிடுங்கள்.

கட்டுரையை வாபஸ் வாங்கப் போகிறீர்களாம். வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் கடைசிப் பக்கத்தில், "பூமாலை இல்லையென்றால் இந்தக் கண்டுபிடிப்பே இல்லை" என்று சார் நன்றி சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வரியை மட்டும் எடுக்க வேண்டாம், மேடம். அது என் உழைப்புக்குக் கிடைத்த பெயர்.