இளநீலமும் இளம்பச்சையும்

— மருந்து டப்பாவுக்குக் கலர் போட்ட பொண்ணைத்தானே கேக்கறீங்க? எங்க டிசைனர்தான் சிஸ்டர். அச்சகம் வரைக்கும் போயிருக்கா, இப்ப வந்துடுவா. உட்காருங்க. வார்டை விட்டுட்டு ஹெட் நர்ஸே வந்திருக்கீங்க, டப்பாவுல ஏதாவது தப்பா?

— தப்பெல்லாம் இல்லைங்க சார். அவங்களைப் பார்க்கணும், அவ்வளவுதான்.

— அப்பாடா. நாங்க அவளுக்கு வச்ச பேரு கலர்க்காரி. மேனேஜர்னு நான் ஒருத்தன் இருக்கேன், ஆனா கலர்னு வந்துட்டா அவ வச்சதுதான் சட்டம். இந்த டப்பாவுக்காக என் வேலைக்கே உலை வச்சிருப்பா, தெரியுமா?

— இங்க என்ன நடந்ததுன்னு எங்களுக்குத் தெரியாது. சொல்லுங்க.

— கேளுங்க. ஒரே மருந்து, ரெண்டு அளவு. குழந்தைகளுக்குக் கம்மி, பெரியவங்களுக்கு நாலு மடங்கு. மருந்துக் கம்பெனி முதலாளி இளநீலமும் இளம்பச்சையும் கேட்டார். பக்கத்துல பக்கத்துல வச்சா அக்கா தங்கச்சி மாதிரி இருக்கணுமாம். நானே உட்கார்ந்து ஷேடு ஷேடாப் பார்த்துப் பொருத்தினேன். கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சி. இவ வந்து பார்த்துட்டு, அக்கா தங்கச்சி சரி சார், இது ரெட்டைப் பிள்ளையால்ல இருக்குன்னா.

— நீலம் வேற, பச்சை வேற இல்லைங்களா?

— நானும் அதையேதான் கேட்டேன். கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு கலருக்கும் ஒரு கோட் நம்பர் உண்டு. நம்பரே வேற வேறயா இருக்கு, அப்புறம் என்னம்மான்னேன். எதையோ தட்டி, ஸ்க்ரீனைக் கறுப்பு வெள்ளையாக்கினா. ரெண்டு டப்பாவும் ஒரே சாம்பல், சிஸ்டர். எது எதுன்னு எனக்கே தெரியல. நம்பர் எதுவா இருந்தா என்ன, ரெண்டுக்கும் வெளுப்பு ஒண்ணுதான், வெளிச்சம் குறைஞ்சா கண்ணுக்குக் கலர் தெரியாது, வெளுப்புதான் தெரியும்னா.

— எங்க வார்டுல மத்தியானம் திரையை இழுத்து விட்டுடுவோம். பேஷன்ட் தூங்கணும்ல.

— அது அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதோ. அட்டையில ரெண்டு டப்பா செஞ்சு எடுத்துக்கிட்டு, லீவு போட்டு உங்க ஆஸ்பத்திரிக்கே வந்திருக்கா. திரை போட்ட நேரமாப் பார்த்து, பன்னெண்டு நர்ஸைத் தனித்தனியாக் கூப்பிட்டு, குழந்தை டப்பாவை எடுங்கன்னு கேட்டிருக்கா. பதினோரு பேர் சரியா எடுத்தாங்க. ஒருத்தர் மாத்தி எடுத்துட்டாங்க.

— ம்.

— பதினோரு பேர் சரின்னா போதாதா, மிச்ச ஒருத்தர் வேலைக்குப் புதுசாச் சேர்ந்த பொண்ணா இருக்கும்னேன். வந்துச்சே அவளுக்குக் கோபம். அந்தக் கைக்குப் பக்கத்துல ஒரு குழந்தை படுத்திருக்கும் சார்னா. யாரு அதுன்னு கேட்டேன். பேரை மட்டும் சொல்ல மாட்டேன்னுட்டா. இன்னைக்கு வரைக்கும் வாயைத் திறக்கல.

— முதலாளி எப்படி ஒத்துக்கிட்டார்?

— எங்க ஒத்துக்கிட்டார்? இவ்வளவு அழகான ஜோடியை ஏன் கெடுக்கணும்னார். நான் இவளுக்குக் கண்ணைக் காட்டறேன், விடும்மான்னு. இவ அந்த அட்டை டப்பா ரெண்டையும் அவர் முன்னால வச்சுட்டு, எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்து விட்டா. உங்க பேத்திக்குக் காய்ச்சல்னு வச்சுக்கங்க சார், சட்டுனு ஒண்ணை எடுங்கன்னா. எடுத்தார். திரையை விலக்கினா. அவர் கையில இருந்தது பெரியவங்க டப்பா. டப்பாவைக் கீழே வச்சார். அப்புறம், நீ என்ன கலர்மா சொல்றேன்னார்.

— இப்ப எங்க அலமாரியில இருக்கற மஞ்சளும் நாவலும்.

— அதேதான். குழந்தைக்கு வெளிர் மஞ்சள், பெரியவங்களுக்கு நாவல்பழக் கலர். கறுப்பு வெள்ளையாக்கினாலும் ஒண்ணு பளிச்சுனு இருக்கும், ஒண்ணு இருட்டா இருக்கும். என் ஜோடி அளவுக்கு அழகு இல்லதான். ஆனா பாருங்க சிஸ்டர், இத்தனை வருஷமா நான் கலரை அழகுக்குத்தான் பொருத்திக்கிட்டு இருந்தேன். அவ ஒருத்திதான் அதை எடுக்கப் போற கையை நினைச்சிருக்கா.

— டப்பாவை எடுக்கச் சொன்னதுக்கு மறுநாள் அவங்க எங்க வார்டுக்குத் திரும்ப வந்து, மாத்தி எடுத்த நர்ஸ்கிட்ட என்ன சொன்னாங்கன்னு தெரியுமா சார்?

— மறுபடி வந்தாளா? எனக்குத் தெரியாதே.

— தப்பு உங்க கண்ணுல இல்ல, எங்க கலர்லதான்னாங்க. எழுதி வச்சிருந்த ராஜினாமாவை அப்பவே கிழிச்சுப் போட்டுட்டேன். வேலைக்கு நான் புதுசு இல்லைங்க சார், இருபத்தாறு வருஷம் ஆச்சு.